வண்டுக்கு மூன்றெழுத்து

செங்கம் சாலையில் நாலு அறை கட்டி வெளியூர், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் பெண்டாட்டியை மட்டும் நம்பிவிடுவேனா?

மாதம் ஒருமுறை இணையத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் வரும். இருவருமே போடுவோம். குறிப்பு நேராக இருக்காது. விடையை உடைத்து ஒளித்து வைத்திருப்பார்கள். சரியாகப் போட்டவர்களின் பெயர்கள், அனுப்பிய நேரப்படி, அன்று மாலையே வெளியாகும். எங்கள் வீட்டில் எப்போதும் நான் முந்தி, அவள் பிந்தி. ஆனால் நான் அனுப்பிய பத்தாவது நிமிஷம் அவளுடையதும் போய்விடும். அதெப்படி? என் தாளைப் பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

போன பௌர்ணமியன்று வந்த புதிரில் ஒரு குறிப்பு: 'தலையை மாற்றித் திமிறும் வண்டு.' மூன்றெழுத்து. 'திமிறு'வில் முதலெழுத்தை மாற்ற வேண்டும், அதுவரை புரிந்தது. என்ன எழுத்து? வாசலில் கிரிவலக் கூட்டம், அறை கேட்டு ஆள்மேல் ஆள். நடுநடுவே அகராதியைப் புரட்டி மத்தியானம்தான் பிடித்தேன்: ஞிமிறு. அடேயப்பா, இப்படியும் ஒரு வண்டா!

உடனே அனுப்பவில்லை. தாளில் 'சிமிறு' என்று வாய்க்கு வந்ததை எழுதி, சாப்பாட்டு மேசையில் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். "அனுப்பிட்டேன்" என்று அவளிடம் ஒரு பொய்யும் சொன்னேன். இன்றைக்கு மாட்டினாள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அவள் மேசைப் பக்கமே திரும்பவில்லை. போனை எடுத்தாள், ஒரே ஒரு தட்டு, வைத்துவிட்டாள். பிடுங்கிப் பார்த்தேன். எல்லா விடையும் போயிருந்தது, ஞிமிறு உள்பட.

"எப்ப போட்ட?"

"காலையிலயே. பால் காயறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் இவ்ளோ நேரம் வச்சினு இருந்த?"

"நீங்க முதல்ல அனுப்பட்டும்னுதான். எப்பவுமே அப்படித்தாங்க."

"ஏன்?"

"ஆரம்பத்துல ஒரு வாட்டி நான் முந்திட்டேன், ஞாபகமில்லயா? மூணு நாள் என்கூட பேசவே இல்ல நீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. என் விடையை அனுப்ப மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

மாலையில் பட்டியல் வந்தது. அவள் தன் பெயரைத் தேடவில்லை. என் பெயரைத்தான் மேலும் கீழும் தேடினாள்.

"உங்க பேரு இல்லயே. மத்தியானமே அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே?"

இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.