வேலையைப் பார்க்கப் போனவர்

எங்கள் தெருக் குழாய்க்காரர் ஓடிப்போனார் என்று யார் சொன்னாலும் வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஓடிப்போகிறவன் இரண்டு மாதம் முன்கூட்டியே தெரு முழுக்கச் சொல்லிவிட்டா ஓடுவான்? ஐம்பத்தாறு வயதில், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டா ஓடுவான்? வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் பெண்டாட்டியை அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விட்டாராம். மாடிவீட்டு அம்மா கட்டிவிட்ட கதை இது. கதைக்குக் கை கால் முளைத்து நாலு தெரு நடந்தாயிற்று. நடந்ததைக் கேளுங்கள்.

குழாய்க்காரர் என்றால் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டுமா, ஸ்குரூ டிரைவரின் முனையைச் சுவரில் வைப்பார், பிடியில் காதை வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சாக்பீஸால் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு செங்கல்லை அவர் உடைத்ததாக ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம்.

ஒரு வீட்டில் கைகழுவும் தொட்டியைக் கழற்றும்போது, கீழே விரித்த பழைய பத்திரிகைத் தாளில் அந்தப் படம் இருந்தது. கடல் தாண்டி எங்கேயோ இடிந்து கிடக்கிற பழைய ஊர். அரண்மனை விழுந்துவிட்டது, கோட்டை விழுந்துவிட்டது. தெருவுக்கு அடியில் ஓடும் கல் சாக்கடை மட்டும் இன்றைக்கும் மழைத்தண்ணீரை ஒழுங்காக வெளியே கொண்டுபோய் விடுகிறது என்று போட்டிருந்தது. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது தனிக்கதை.

சுற்றுலா நடத்துகிறவர்களிடம் போய்க் கேட்டார்.

"அங்க கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்துவோம் சார். போட்டோ எடுத்துக்கலாம். அப்புறம் ஷாப்பிங்."

"கால் மணி நேரத்துல ஒரு வாஷர் மாத்தலாம் தம்பி. சாக்கடை பாக்க முடியுமா?"

எழுந்து வந்துவிட்டார். தனியாகப் போவது, போகிற நாலு நாளும் அந்த ஓர் ஊரிலேயே தங்குவது என்று முடிவு. மனைவிக்கு எரிச்சல். "ஏங்க, இந்த ஊர்ல இருக்கற சாக்கடை பத்தலையா உங்களுக்கு?"

விசா ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில், பேசுவதை மாற்றிச் சொல்ல ஒரு பெண். எதற்குப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். இவருக்கு முகமெல்லாம் பல்.

"வேலை பாக்கத்தாம்மா! என்னா வேலை தெரியுமா!"

அவர் சொன்னது அந்தக் காலத்துக் கொத்தன் செய்துவைத்த வேலையை. அவள் மாற்றிச் சொன்னது இவர் வேலைக்குப் போகிறார் என்று. தொழில் பிளம்பர் என்று தாளில் வேறு இருந்தது. விசா கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாடிவீட்டு அம்மாவின் கதைக்கு விதை அங்கே விழுந்ததுதான்.

இன்னொரு தடவை தள்ளிவிட்டால் இந்த ஜென்மத்தில் அந்த ஊர் இல்லை. மருமகன் யோசனை சொன்னார். "மாமா, அரண்மனை பாக்கப் போறேன்னு சொல்லிடுங்க. சாக்கடைப் பேச்சே எடுக்காதீங்க."

"அரண்மனைதான் விழுந்துபோச்சே மாப்பிள்ளை! பொய் சொல்லிட்டுப் போனா அந்தக் கல்லு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஜாக்கெட் கழுத்தில் பூ வேலை செய்துகொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினாள். எரிச்சல் எரிச்சல்தான். ஆனாலும் தாலி கட்டியவனை ஒருத்தன் பொய்யனாக்கினால் பொறுப்பாளா?

"நான் இங்க போடறதுக்குப் பேரு என்ன? வேலையா, வேலைப்பாடா?"

"வேலைப்பாடு."

"அதையே அங்க சொல்லித் தொலைய வேண்டியதுதானே? குழாய்ல ஒரு நூல் அளவு தள்ளினா ஒழுகும்பீங்க. பேச்சு மட்டும் ஒழுகாதா?"

இரண்டாம் தடவை அவளும் கூடப் போய், தைக்கிற துணியோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இவர், "பழைய வேலைப்பாடு பாக்கப் போறேம்மா. சாக்கடை வேலைப்பாடு" என்றார். "சாக்கடையா?" என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். இவர் ஒரு தாளை வாங்கி, ஒரு கல்லின் உதடு இன்னொரு கல்லின் பள்ளத்தில் எப்படிப் போய் உட்கார்ந்திருக்கும் என்று வரைந்து காட்டினார். அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"பூச்சு இல்லாம தண்ணி எப்படிக் கசியாம இருக்குன்னு கேக்கறார்."

"அது தெரிஞ்சா நான் ஏம்மா போறேன்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. விசா கிடைத்தது.

கிளம்பும் நாள் காலையில், பை என்ன இப்படிக் கனக்கிறது என்று மனைவி திறந்து பார்த்தாள். நாலு சட்டை, தைலம், அடியில் துண்டில் சுற்றிய ரெஞ்சு.

"இது எதுக்கு?"

"சும்மா. கைக்குத் துணையா."

"நல்ல துணை! அங்க எவனாவது பையைத் திறந்தா, பாக்க வந்தவனுக்கு ரெஞ்சு எதுக்குன்னு கேப்பான். மறுபடியும் வேலைக்கு வந்தவன்னு திருப்பி அனுப்புவான். கொண்டாங்க இப்படி."

வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நல்லாக் குனிஞ்சு பாத்துட்டு வாங்க. வந்து எனக்கும் சொல்லணும்" என்றாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக வெறுங்கையோடு வாசலைத் தாண்டினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழியில் இருந்த சாக்கடை மூடி ஒவ்வொன்றையும் ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்தபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.