குழிக்குள் இருந்து நான் காட்டிய குறிகள்

அந்த ஆசாரியைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. திறந்தால் மானம் கப்பலேறிவிடும். சரி, போகட்டும்; இந்த வயதில் மானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலைநாட்டில் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தேன். எங்கள் துரைக்குக் குறிசுடும் பைத்தியம். சீமையிலிருந்து வரவழைத்த துவக்கொன்று வைத்திருந்தார். கனத்த குழல், மேலே பூட்டிய தூரக்கண்ணாடி. அதைத் தாங்கி வைத்துச் சுட ஒரு மேசை வேண்டுமென்று தானே படம் கீறித் தோட்டத்து ஆசாரியிடம் கொடுத்தார்.

ஆசாரி கட்டுகஸ்தோட்டைக்குப் போய், இடித்துப்போட்ட பழைய வீடொன்றின் பலா உத்தரங்களைத் தேடிக் கொண்டுவந்தார். மேசைக்கு மூன்று கால்கள். முழங்கை ஊன்ற ஒரு பக்கம் நீண்ட பலகை, துவக்கின் முன்பக்கம் படுக்க ஒரு மணல்மூட்டை. கால்களை நிலத்தில் புதைத்து, ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று மூலைக்கு மூலை பார்த்தார். பிறகு நாலு ஆட்களை மேலே ஏற்றிக் குதிக்கச் சொன்னார். மேசை அசையவில்லை.

என் வேலை மறுமுனையில். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருநூறு யார் தள்ளி, மண்மேட்டடியில் வெட்டிய குழிக்குள் உட்கார வேண்டும். தலைக்கு மேலே இலக்குத் தாள், அதன் நடுவில் கறுப்புப் பொட்டு. ஒவ்வொரு வெடிக்கும், குண்டு பட்ட இடத்தைத் தகரவட்டம் அடித்த நீளக் கம்பால் தொட்டுக் காட்டுவேன். பிறகு தாளை இறக்கி, ஓட்டையைக் கடதாசித் துண்டால் ஒட்டி, மறுபடி ஏற்றுவேன். அவ்வளவு தூரத்தில் ஓட்டை கண்ணாடியிலும் தெரியாது. துரைக்குத் தெரிவதெல்லாம் என் கம்புதான்.

முதல் ஞாயிறு உள்ளதை உள்ளபடி காட்டினேன். எல்லாமே பொட்டுக்கு நாலு விரல் கீழே, இடப்பக்கமாக. துரை தொப்பியை நிலத்தில் அடித்தார். அந்தக் கிழமை முழுவதும் அலுவலகத்தில் எங்களுக்கு ஏச்சுக்குக் குறைவில்லை. துரைக்குக் கெட்ட செய்தி சொல்லாமலிருப்பது எங்களிடையே மரியாதையில் சேர்த்தி. அந்த மரியாதை என் எலும்பில் ஊறியிருந்தது. அடுத்த ஞாயிறு கம்பைப் பட்ட இடத்துக்கு இரண்டு விரல் மேலே காட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு நேரே பொட்டில். அவர் தூரக்கண்ணாடியின் திருகைத் திருப்பிக் குறியைச் சரிசெய்திருக்க வேண்டியது. சரியாகத்தான் படுகிறதென்று நம்பியதால் தொடவே இல்லை. “நீ நல்ல மனுசன், கிளாக்கர்” என்று என் தோளில் தட்டினார். எனக்குக் கைபிடி வைத்த கதிரை ஒன்றும் வந்தது. வெட்கங்கெட்டவன், அதில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துத் துரை போட்டிக்கு வந்தார். அவருடைய கங்காணி குழிக்குள் என் பக்கத்தில் இருக்க வேண்டுமென்பது ஏற்பாடு. எங்கள் துரையின் முதல் வெடி வெடித்தது. “அந்தா, கீழ பட்டிருக்கு” என்று கங்காணி விரலை நீட்டினார். கம்பு கீழே போனது. பத்து வெடியும் அதே நாலு விரல் கீழேதான். வந்த துரையோ மேசை வேண்டாமென்று சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, தன் துவக்கால் பொட்டையே துளைத்துவிட்டார்.

நான் மேலே ஏறி வந்தபோது எங்கள் துரை மேசையை உதைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின நாள் நல்ல மழை.

“போன ஞாயிறு நடுவிலே பட்டது! இன்னைக்கு என்ன? பச்சை மரம் போட்டது! மழை குடிச்சு முறுக்கியது!”

“இல்லீங்க தொரை, பழைய வீட்டு உத்தரமுங்க, இரும்பு மாதிரி காஞ்சது” என்றார் ஆசாரி.

துரை என் பக்கம் திரும்பினார். “கிளாக்கர், போன ஞாயிறு எங்கே பட்டது?”

ஆசாரியும் என்னைத்தான் பார்த்தார். பயமில்லாத பார்வை, உண்மை தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்ற தைரியம். ஐயோ, அந்த முகம்!

“நடுவிலதான், தொரை” என்றேன்.

ஆசாரிக்குப் பத்துச்சீட்டு என்று துரை அங்கேயே சொல்லிவிட்டார். வேலையை விட்டு நிறுத்தும்போது கொடுக்கும் அந்தச் சீட்டை எழுதுவது கிளாக்கர் வேலை. தோட்டமெல்லாம் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ‘கைவேலை மோசம்’ என்று எழுதிய சீட்டோடு போகிறவரை எந்தத் தோட்டம் சேர்க்கும்? வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். தோட்டம் கொடுத்த லயத்து அறையையும் சீட்டு வாங்கிய அன்றைக்கே விட வேண்டும். எல்லாம் தெரிந்தே, குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன்.

மறுநாள் காலை ஆசாரி சீட்டு வாங்க வந்தார். பக்கத்து அறையில் துரை இருந்தார். கதவு திறந்தே கிடந்தது. நாலு எட்டு வைத்திருந்தால் போதும்.

“விடிஞ்சதும் போயி ரசமட்டம் வச்சுப் பார்த்தேங்க” என்றார் ஆசாரி. “குமிழி நடுவுலதான் நிக்குது. ஆனா நீங்களே கண்ணால பார்த்துச் சொல்லியிருக்கீங்க, நடுவுல பட்டுச்சுன்னு. அப்ப மரந்தான் எங்கயோ முறுக்கியிருக்கு. என் கண்ணுக்குத்தான் தெரியல.”

சீட்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“என்னால உங்களுக்கும் வந்தவங்க முன்னால தலைகுனிவாப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க, ஐயா.”

“பரவாயில்ல ஆசாரி, நான் ஒண்ணும் வச்சுக்கல” என்று அவரை மன்னித்து அனுப்பினேன்.