அக்கா சேர்த்து வைத்தது

அக்கா கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு உடன்பிறந்தவன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அக்காவின் ஒரே மகன் எழுதுகிறான். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறான். சொல்லப்போவதில் ஒன்று அவனுக்குத் தெரியாது.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலையில். எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொஞ்சம் உளுந்து. விதைக்கென்று எடுத்து வைத்ததை அமாவாசைக்கு அமாவாசை வெயிலில் பரப்புவோம். அக்காதான் காவல். காக்காயை விரட்டுகிற குச்சியால் எனக்கும் ஒரு அடி விழும். காக்காயை விட நான்தான் ஜாஸ்தி தின்பேன். எதைச் சேர்த்து வைத்தாலும் நடுவில் திறந்து வெயில் காட்டாவிட்டால் வண்டு விழும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

கட்டிக்கொடுத்தது டவுனில். மாமா கோயில் பக்கம் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்தார். வருமானம் போதாமல் அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனார். அங்கே நர்ஸம்மாக்களிடம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். படித்த புத்தகம் பைபிள். பிறகு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். மாமா தடுக்கவில்லை, தானும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, அதே சைக்கிளில் போய்க் கற்பூரக் கடையைத் திறப்பார். அவர் இருந்தவரை அந்த வீட்டில் சாமியால் சண்டை வந்ததில்லை.

மாமா இறந்து காரியம் நடந்த நாளைச் சொல்ல வேண்டும். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடுவது எங்கள் வழக்கம். உடன்பிறந்தவன் புதுச்சேலை எடுத்து வந்து போர்த்த வேண்டும். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். நான் சேலையோடு குளக்கரையில் நின்றேன். அக்கா உட்கார்ந்திருந்தார். பங்காளிகள் முணுமுணுத்தார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக இருந்த மகன், அப்போது மீசை அரும்பிய வயது, அவர்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினான்.

"நீதான் சர்ச்சுக்காரி ஆயிட்ட இல்ல. இங்க உக்காராத. எழுந்து போ."

அக்கா எழுந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். சேலையை வாங்கிக்கொண்டார், கட்டவில்லை. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இத அவங்கிட்ட எப்பவும் பேசாத" என்றார்.

அதன் பிறகு சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். மகனுக்குக் கல்யாணம் ஆனது. செங்கம் ரோட்டில் வீடு கட்டி, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டான். அக்கா போவார், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவார். ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். அத்தனை வருஷமும்.

கடைசிக் காலத்தில் தனியாக நடக்க முடியாததால் ஞாயிறுதோறும் நான்தான் ஆட்டோவில் கூட்டிப் போவேன். "நெத்தியில பட்டையோட உள்ள வரலாமாக்கா?" என்று முதல் நாள் கேட்டேன். "நெத்தியக் கழட்டி செருப்போட வெளிய வுட்டுட்டா வருவ? வாடா" என்றார்.

ஒரு ஞாயிறு, பூமியில் பொக்கிஷம் சேர்க்காதீர்கள் என்ற வசனத்தைப் போதகர் பேசினார். கிரேக்க மொழியில் அந்தச் சேர்த்து வைத்தலுக்கு ஒரு வார்த்தை சொன்னார். தெசவுரிசோ. என் வாயில் நுழையவில்லை, மகன்தான் செல்போனில் பார்த்து எழுதுகிறான். பின்னால் ஒரு நாளுக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் அறையில் வைப்பது என்று அர்த்தமாம். பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைப்பதற்கும் வேதத்தில் அந்த வார்த்தைதான், மனம் இளகாதவன் தன் மேல் வரப்போகும் கோபத்தைச் சேர்த்து வைப்பதற்கும் அதே வார்த்தைதான் என்றார்.

ஆராதனை முடிந்ததும் அக்கா அவரை நிறுத்தினார்.

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையாங்க ஐயா?"

"ஆமாம்மா. சேர்க்கிற வேல ஒண்ணுதான். உள்ள என்ன வெக்கிறோம்னுதான் பாக்கணும்."

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அக்கா சொன்னார்: "நான் ரெண்டையும் ஒண்ணாப் பண்ணிட்டேன்டா தம்பி. எம்புள்ளைக்கின்னு கோவத்தச் சேத்து வெச்சிருக்கேன்."

அன்றே பெட்டியைத் திறந்தோம். சேலையின் மடிப்பெல்லாம் பூச்சி அரித்திருந்தது.

அடுத்த மாதம் படுக்கையில் விழுந்தார். மகனை வரச் சொல்லி, அந்தச் சேலையை அவன் மடியில் வைத்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"எதும்மா இந்தப் பொடவ? எலி கடிச்சிதா?"

"உனக்குத் தெரியலியா?"

"தெரிலியேம்மா. யாரு எடுத்தது?"

அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். அவன் பொய் சொல்லவில்லை. குளக்கரையில் தான் சொன்னதே அவனுக்கு நினைவில் இல்லை. பிறகு கேட்டார்: "உன் வூட்ல நான் ஏன் சாப்பிடறதில்லன்னு நெனச்ச?"

"சாமிக்குப் படைச்சத நீ தொடமாட்டன்னுதான். அதுக்குத்தான் தீபத்தன்னிக்கு, பொங்கலன்னிக்கு எல்லாம் படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தனியா எடுத்து மூடி வெச்சிடறேன். நீதான் அன்னிக்கெல்லாம் வரவே மாட்டியே."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "இன்னிக்கி உன் வூட்ல என்னா கொழம்பு?" என்றார்.

"கத்திரிக்கா."

"எடுத்தாடா."

அவன் ஓடினான். கொண்டு வந்து பிசைந்து ஊட்டினான். அக்கா வாயைத் திறந்தார், உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்ததை அவன் துடைத்தான். மறுநாள் விடியும் முன் போய்விட்டார். இன்றுவரை அந்தச் சேலை எதற்கு என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான்.

"இதையுமா போடணும் மாமா?"

"போடுடா. உங்கம்மா காலி பண்ணிட்டுப் போனத நான் வாங்கிப் பூட்டி வெக்கக் கூடாது."

பேசாதே என்று அக்கா சொன்ன வாக்கை மீறுகிறேனோ, அவர் நினைத்ததை முடிக்கிறேனோ, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இதைப் படித்தால் வந்து சொல்லுங்கள்.

அக்காவைப் படுக்கையில் திருப்பிப் படுக்க வைத்த பக்கத்து அறைப் பெண்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், அடக்கத்தன்று மலை சுற்றும் கூட்டத்துக்கு நடுவே சவப்பெட்டியைச் சுமந்து வழி விடச் சொல்லிப் போனவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் இரண்டாவதாக எடுத்துப் போன கோடியை அக்கா மேல் போர்த்தியது அவர் மகன்தான்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதை எழுத அவன் கை வரவில்லை, அவன் மனைவி பேனாவை வாங்கி எழுதுகிறாள். படைப்பதற்கு முன் அம்மாவுக்கென்று வருஷா வருஷம் எடுத்து மூடி வைத்தானே, அந்தச் சோற்றுக்கு நன்றி.