பூங்காவனம் அக்கா எழுதச் சொன்ன படிவம்

ஜூலை 9, புதன்கிழமை, காலை 6.20. போர்ட் பிளேரில் என் போனில் ஏழு மிஸ்டு கால். ஏழும் நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து வேலு அண்ணன் அழைத்தவை. அவருக்கு விரல்கள் சரியாக மடங்காது. போனைப் படுக்கையில் வைத்துக் கட்டைவிரல் முட்டியால்தான் அழுத்துவார். ஏழு முறை அழுத்தியிருக்கிறார் என்றால் விஷயம் சின்னதில்லை. திருப்பி அழைத்தேன்.

"தம்பி, பூங்காவனம் போயிருச்சு."

"எங்க போனாங்க?" என்று கேட்டேன். அவ்வளவு மடத்தனமாகக் கேட்டேன்.

"அடுப்புகிட்ட உக்காந்துச்சு. நெஞ்சப் புடிச்சிச்சு. அம்புட்டுத்தான். என்னால கத்த மட்டுந்தான் முடிஞ்சிச்சு தம்பி."

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். கணவர் வேலு அண்ணனுக்காக எத்தனையோ படிவங்கள் எழுத வைத்தவர், தனக்கென்று ஒன்றை எழுத யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. போன வருடமே மூச்சு வாங்குகிறது என்று சொன்னார். "போர்ட் பிளேருக்கு வந்து காட்டுங்க" என்றேன். "அவர யார்கிட்ட விட்டுட்டு வர?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு: பூங்காவனம் அக்கா சிறு வயதில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறிக் கட்சாலுக்கு வந்தவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வேலு அண்ணனும் அங்கேதான் வேலை பார்த்தார். சுனாமியில் ஒரு மரக்கட்டை அவர் கழுத்துக்குக் கீழே மோதியது. அன்றிலிருந்து நடக்க முடியாது, சிறுநீர் டியூப் வழியாகத்தான். இருபது வருடம் அக்கா அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, பீடியைக்கூட அவர் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பீடி பற்றி நான் ஒருமுறை உபதேசம் செய்தேன். "அவருகிட்ட மிச்சமிருக்கிற கெட்ட பழக்கம் அது ஒண்ணுதான், அதையும் புடுங்கிராதீங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

நான் மின்துறை ஜூனியர் இன்ஜினியராகக் கட்சாலுக்குப் போன முதல் வாரமே அக்கா ஜெனரேட்டர் ஷெட்டுக்கு வந்தார். கரண்ட் போவதைப் பற்றிச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, ஃபில்டர், டீசல், ஸ்பேர் பார்ட்ஸ் என்று தயாராக வைத்திருந்த பதிலை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"போகாம பாத்துக்கங்கன்னு கேக்கல தம்பி. எப்ப போகும்னு சொல்லுங்க. புண்ணு வராம இருக்க அவருக்குக் காத்துப் படுக்கை, அது மோட்டார்ல ஓடுது. அது நின்னா நாந்தான் மோட்டாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் போடணும். நேரம் தெரிஞ்சா அதுக்கு முன்னாடி தண்ணி எடுத்துட்டு வந்திருவேன்."

எனக்கு இப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும். அன்றிலிருந்து ஷட்டவுன் நேரத்தை ஒரு தாளில் எழுதி அவர் வீட்டுக் கதவில் ஒட்டினேன். பத்து நிமிடம் பிசகினாலும் மறுநாள் ரோட்டில் நிறுத்தி, எல்லாரும் கேட்கும்படி, "இன்ஜினியர் சார் வாட்ச் கப்பல்ல வருதாக்கும்" என்பார்.

இனி நான் செய்த தவறு.

ஒரு மழைக்கால முடிவில் வேலு அண்ணனுக்கு டியூப் அடைத்துக் காய்ச்சல் ஏறியது. தீவு டாக்டர் டியூபை மாற்றினார், ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. ஆள் உளற ஆரம்பித்தார். "கிருமி ரத்தத்தில் ஏறுகிறது, ஒரு நாளுக்குள் போர்ட் பிளேர் போக வேண்டும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கப்பல் வர நான்கு நாள் இருந்தது. ஹெலிகாப்டர் மறுநாள் காலை வரும், அதற்குப் படிவம் அனுப்ப வேண்டும். எல்லாரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. படிவத்தை வாங்கி நானே மளமளவென்று நிரப்பினேன். எடை: அறுபது கிலோ. நோயாளியால் உட்கார முடியுமா: முடியும். தினமும் மாலையில் வாசலில் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரைத்தானே நான் பார்த்திருக்கிறேன்? டாக்டர் வேறொரு நோயாளியிடம் இருந்தபடியே கையெழுத்திட்டார். அக்காவும் போட்டார். அனுப்பிவிட்டேன்.

காலையில் ஹெலிகாப்டர் இறங்கியது. இறக்கை சுற்றிக்கொண்டே இருக்க, பணியாள் ஒருவர் ஓடி வந்து வேலு அண்ணனைத் தூக்க நாற்காலியின் பெல்ட்டை அவிழ்த்தார். சட்டைக்குள்ளே ஒரு பழைய சேலைத் துண்டு அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்ததும் ஈரத் துணி போலச் சரிந்தார். உள்ளே ஸ்ட்ரெச்சர் மாட்டவில்லை, இருக்கைகள்தான்.

"பையா, யே பைட் நஹி சக்தா!" என்று பணியாள் கத்தினார். "சிட்டிங் கேஸ் லிக்கா ஹை!"

படிவத்தில் உட்காருவார் என்று எழுதியிருக்கிறதே, உட்கார முடியாதவரை இருக்கையில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அவர்கள் செய்தது சரி. ஹெலிகாப்டர் மேலே போனது. புழுதி அடங்கியபோது வேலு அண்ணன் தரையில், அக்காவின் மடியில் கிடந்தார். டாக்டர் சொன்ன ஒரு நாளில் பாதி போய்விட்டது, அதற்குக் காரணம் என் பேனா.

"நான்தான் தப்பா எழுதினேன்" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க எழுதினீங்க, நான் வாசிக்காம கையெழுத்துப் போட்டேன். பாதி உங்களுது, பாதி என்னுது. அழுவுறதுக்கு இப்ப நேரமில்ல. வேற தாளு எடுங்க."

அங்கேயே, தரையில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதினேன். "உக்கார முடியாது. கட்டி வச்சாத்தான் உக்காருவாரு. கழுத்த ஒருத்தர் புடிக்கணும். முதுகுல புண்ணு ரெண்டு, இடது பக்கமா படுக்க வைக்கக் கூடாது. மலம் தன்னால போயிரும், துணி கட்டியிருக்கும்."

சுற்றிலும் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வேலு அண்ணன் கண்ணைத் திறந்தார். "அதெல்லாம் எழுதச் சொல்லாத புள்ள" என்றார். அந்தச் சேலைத் துண்டைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டச் சொன்னது அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எழுதினாத்தான் தூக்குவாங்க" என்றார் அக்கா. "உங்க மானத்த நான் பத்திரமா வச்சிருக்கேன். உசுரோட திரும்பி வந்து வாங்கிக்குங்க."

எடையையும் சரியாக எழுத வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தது நின்று பார்க்கும் எடை மெஷின். ஹெலிகாப்டர் இறங்கிய இடத்திலிருந்து திரும்பும் வழியில் பழைய கொட்டகையில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசு இருந்தது. நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியைத் தனியாக நிறுத்துக் கழித்தோம். நாற்பத்தெட்டு கிலோ. நான் எழுதியதற்கும் உண்மைக்கும் பன்னிரண்டு கிலோ வித்தியாசம்.

"என்ன கிரேடு அக்கா?" என்றார் அங்கே ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுத் தரம் பிரித்த பழைய தொழிலாளி ஒருவர், அக்காவைத் தேற்றுவதற்காக.

"நல்லா புகை போட்ட ஷீட்டு. எல்லாம் பீடிப் புகை" என்றார் அக்கா. வேலு அண்ணன் அந்தக் காய்ச்சலிலும் சிரித்தார்.

இம்முறை டாக்டர் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். நான் போர்ட் பிளேருக்குப் போன் போட்டுப் படிவத்தை வாசித்தேன். எதிர்முனையில் இருந்தவர், "யார் எழுதினது? இவ்வளவு தெளிவா யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றார். மதியம் ஸ்ட்ரெச்சரோடு ஹெலிகாப்டர் வந்தது. துணைக்கு ஒரே இடம். அக்கா ஏறினார். நாற்காலிக்கு இடமில்லை, அதை நான் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். கட்சாலில் நான் நடந்ததிலேயே நீளமான பாதை அது.

வேலு அண்ணன் பிழைத்தார். லீவில் நான் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எக்ஸ்ரே அறை வாசலில் ஊழியர் ஒருவர் அக்காவிடம், "இவருக்கு வலி இருக்கா? சாப்பிட்டாரா?" என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தன் தோட்டத்து ஹிந்தியில் சொன்னார்: "உன்கோ பூச்சோ பாபு. அவரக் கேளுங்க. கால்தான் வராது, வாய் நல்லா வரும். நான் வெறும் டிரைவரு."

அவரைத் தியாகி, பதிவிரதை என்றெல்லாம் யாரும் எழுத வேண்டாம். ஒரு விழாவில் அப்படிப் பேசிப் பொன்னாடை போர்த்த வந்தார்கள். "இந்தத் துணி தண்ணிய உறிஞ்சாது. இதுக்குப் பதிலா ரெண்டு பெட்ஷீட் குடுத்தா ஒதவும்" என்று மைக்கிலேயே சொன்னார். வீட்டில் வேலு அண்ணனோடு சத்தமாகச் சண்டை போடுவார். அவரும் விடமாட்டார். இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். தன் மருந்தை மறந்துபோவதும், கேட்டால் தின்றுவிட்டேன் என்று பொய் சொல்வதும் உண்டு. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதச் சொன்னவர், தன் உடம்பைப் பற்றி மட்டும் பொய் சொன்னார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

இப்போது கட்சாலில் பக்கத்து வீட்டு சுசீலா அக்கா வேலு அண்ணனைப் பார்த்துக்கொள்கிறார். எத்தனை நாள் முடியும் என்று அவருக்கே தெரியவில்லை. ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். மெயின்லேண்டில் ஏதோ இல்லம் என்கிறார் ஒருவர், போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். நேற்று நானும் ஒரு யோசனை சொன்னேன். சொன்ன பிறகுதான், வேலு அண்ணன் என்ன நினைக்கிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அந்தத் தரையில் எனக்குத் தந்த பாதிப் பழி. முழுவதையும் என் மேல் போட்டிருந்தால் நான் விலகிப் போயிருப்பேன். பாதியைத் தந்ததால் கூடவே இருந்தேன். இனிச் செய்யப்போவது:

1. சனிக்கிழமைக் கப்பலில் கட்சால். டிக்கெட் எடுத்தாயிற்று. லீவு இன்னும் வரவில்லை, வராவிட்டாலும் போகிறேன்.

2. முதல் இரண்டு நாள் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். புண்ணில் படாமல் அவரைத் திருப்பிப் போட சுசீலா அக்காவிடம் கற்றுக்கொள்வேன். டியூப் மாற்ற நர்ஸிடம்.

3. எங்கே இருக்க விருப்பம் என்று வேலு அண்ணனிடம் கேட்பேன். பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இந்தப் பட்டியலில் எனக்குக் கஷ்டமானது இதுதான்.

4. "இங்கேயே" என்று அவர் சொன்னால், கட்சாலுக்கே மாற்றல் கேட்டு மனு கொடுப்பேன்.