தங்கக்கண்ணாடியாருக்கு அனுப்பிய வாழைக்குலை

பக்கத்து வளவுக்காரர் நேற்று வாழைக்குலைக்குப் புகை போட்டார். கிடங்கு வெட்டி, குலையை உள்ளே வைத்து, மேலே மண் பூசி, ஒரு மூலையால் தேங்காய்ப் பொச்சுப் புகையை ஊதி விடுகிற வேலையை இப்போது செய்கிறவர்கள் குறைவு. சந்தையில் ஏதோ மருந்து தெளித்த பழம்தான் வருகிறது, தோல் மஞ்சள், உள்ளே கல்லு. மதிலுக்கு மேலால் அந்தப் புகை மணம் வந்தபோது எனக்குப் பசி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எண்பதைத் தாண்டி, படி இறங்கவே சுவரைப் பிடிக்கிற எனக்கு. கோபத்துக்குப் பிறகு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதற்கும் பிறகுதான் வெட்கம். எப்போதும் இந்த ஒழுங்கில்தான் வருகிறது. ஒழுங்கை மாற்றிச் சொன்னால் உங்களுக்கு நான் நல்லவனாகத் தெரிவேன். அதனால் மாற்றாமலே சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. உரும்பிராயில் வாழையும் புகையிலையும் செய்கிற குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படித்த கொழுப்பில், பிரக்கிராசியாராக வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது எல்லோரும் சட்டத்தரணிகள். அப்போது கோட்டில் எழுந்து நின்று வாதாடுகிறவர் அப்புக்காத்து. காணி உறுதி எழுதி, வழக்கைக் கட்டி, கட்சிக்காரரோடு மாரடிக்கிறவர் பிரக்கிராசியார். பிரக்கிராசியாராக வருவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. தொழிலில் இருக்கிற ஒருவர் தம் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், உங்களை மாணாக்கனாக ஏற்றுக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் குறித்த நாளுக்குள் கொழும்புக்குப் போய்ப் பதிவாக வேண்டும். நாள் தவறினால் ஒரு வருடம் போச்சு. ஒருவர் இரண்டு பேருக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் பரீட்சைக்கு இருந்த பொடியன்கள் அத்தனை பேரும் அந்தச் சில கதவுகளைத்தான் தட்டிக்கொண்டு திரிந்தோம்.

நான் ஏழு பேருக்குக் கடிதம் எழுதினேன். ஏழும் இங்கிலீசில், ஏழின் கடைசியிலும் ‘தங்கள் மிகவும் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’. மூன்று பேர் பதிலே போடவில்லை. ஒருவர் என் கடிதத்தின் முதுகிலேயே ‘இடமில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நல்லூர்ப் பக்கம் இருந்த ஒருவர் நேரில் வரச் சொன்னார். போனேன்.

“தம்பி, சாதகம் கொண்டு வந்தனீரோ?” என்று கேட்டார்.

பிறந்த தேதியைச் சரிபார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். “செவ்வாய் எங்கை நிக்குது?” என்று அவர் விரல் வைத்துத் தேட, உறுதி எழுதுவதற்குச் செவ்வாய் எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. ஒரு கிழமையில் கடிதம் வந்தது: பொருந்தவில்லை. சட்டமா கலியாணமா எது பொருந்தவில்லை என்று அதில் இல்லை.

அடுத்துக் கூப்பிட்டவர் பட்டணத்தில் பெரிய பெயர் எடுத்த ஒருவர். அவருடைய உண்மைப் பெயர் வேண்டாம். தங்கக் கம்பிக் கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோரும் தங்கக்கண்ணாடியார் என்பார்கள். கழுத்தில் உருத்திராக்கம், நெற்றி நிறையத் திருநீறு. வீட்டின் முன்பக்கம்தான் கந்தோர். வெறுங்கையோடு போகக் கூடாது என்று என் தகப்பன், அப்பு, தாமே புகை போட்ட ஓர் இதரை வாழைக்குலையோடு என்னுடன் வந்தார். பலாலி வீதி பஸ்சில், கூரைமேல் குலையைக் கட்டிவிட்டு, வழி நெடுக ஜன்னலால் தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விறாந்தையில் ஒரே ஒரு நீள மர வாங்கு. அதில் என்னோடு படித்த ஞானம் முதலே வந்து இருந்தான். உடுவில் பொடியன், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். தகப்பன் இல்லை, தாய் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து வளர்த்த ஒரே பிள்ளை. அவனும் அதே இடத்துக்குத்தான் வந்திருந்தான். எங்களைக் கண்டதும் ஓரத்துக்கு நகர்ந்தான்.

“வாங்கோ அப்பு, இதிலை இருங்கோ. குலையைத் தாங்கோ, நான் பிடிக்கிறன்.”

“நீ ஆரடா ராசா?”

“பள்ளிக்கூடத்திலை உங்கடை மோனைப் பாத்து எழுதி எழுதிப் பாஸ் பண்ணினவன்.”

அப்பு சிரித்தார். அந்த வீட்டில் அவர் மனம் விட்டுச் சிரித்தது அவ்வளவுதான்.

உள்ளே தங்கக்கண்ணாடியார் என் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கிளாக்கர்.

“உரும்பிராயிலை ஆற்றை மோன்?”

சொன்னேன்.

“என்ன செய்யிறார்?”

“தோட்டம், ஐயா.”

“வெளியிலை குலையோடை இருக்கிறது அவரோ? கூப்பிடு.”

அப்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். அறையில் நாலு கதிரை கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், அதனால் தெரியும்.

“உதென்ன?”

“ஐயாவுக்குத்தான். எங்கடை தோட்டத்துப் பழம்.”

“இஞ்சை தின்ன ஆளில்லை. பின்னுக்கு மாடு நிக்குது, அதுக்குப் போட்டிட்டுப் போ.”

அப்புவைவிட அவர் பத்து வயது இளையவர். பிறகு கிளாக்கர் பக்கம் திரும்பி இங்கிலீசில், “துலா மிதித்த கால் எல்லாம் இப்போது சப்பாத்துத் தேடுகிறது” என்றார். கிளாக்கர் சிரித்தார். தோட்டக் கிணற்றுத் துலாவில் அப்பு ஏறி நடந்து இறைத்த தண்ணீரில்தான் நான் அந்த இங்கிலீசைப் படித்தேன். அப்புவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெரியவர் ஏதோ பகிடி விட்டிருக்கிறார் என்று நினைத்துத் தானும் சிரித்தார். பிறகு குலையைத் தாமே சுமந்துகொண்டு மாட்டடிக்குப் போனார்.

திரும்பி வரும்போது பஸ் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைத் தாண்டியது. அப்பு கேட்டார்:

“பழம் நல்லாத்தானே பழுத்திருந்தது?”

அவ்வளவுதான். அந்தப் பஸ்சில்தான் முடிவெடுத்தேன், அந்த ஆளை ஒருநாள் வாசலில் காத்திருக்க வைப்பேன் என்று. எப்படி என்று தெரியாது. அடுத்த கிழமை என் கடிதம் சிவப்பு மையில் ‘இயலாது’ என்று வந்தபோது அதைக் கிழிக்காமல் பெட்டிக்குள் வைத்தேன். கோபத்துக்கும் சாப்பாடு வேண்டுமல்லவா. தினமும் எடுத்துப் பார்ப்பேன்.

வழியை அவரே காட்டினார். பரீட்சை முடிவு பேப்பரில் வந்தபோது என் பெயர் மேலே நின்றது. ஆடிப்பிறப்பன்று, வீட்டில் கூழ் காய்ச்சிக்கொண்டிருக்க, அதே கிளாக்கர் சைக்கிளில் வந்து இறங்கினார். தங்கக்கண்ணாடியாரின் கடிதம். மறுபடி யோசித்தாராம், ஓர் இடம் எனக்காக வைத்திருக்கிறாராம், பதில் எழுதட்டாம். அப்பு கிளாக்கருக்குப் பிலாவிலை கோலிக் கூழ் ஊற்றிக் கொடுத்து, “இன்னும் கொஞ்சம் குடியுங்கோ” என்று உபசரித்தார். எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு அந்த இடம் தேவையே இல்லை. நாலு நாளுக்கு முன்புதான் சாவகச்சேரியில் ஒரு கிழப் பிரக்கிராசியார், கறையான் அரித்த பழைய உறுதி ஒன்றை என் கையில் தந்து வாசிக்கச் சொல்லி, வாசித்து முடித்ததும், “கண் நல்லாயிருக்கு. எனக்கு அதுதான் தேவை. வியாழக்கிழமை வாரும்” என்றிருந்தார். சொன்னபடி போனேன். ஆடி மாதமாயிற்றே என்று தயங்கினேன். “கோட்டுக்கு ஆடியும் ஆவணியும் ஒண்டு. வையும் கையெழுத்தை” என்றார். வைத்தேன்.

ஆனால் அந்த ஆடிதான் என் மூளையில் விளக்கேற்றியது. எங்கள் பகுதியில் ஆடியில் எவரும் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். தங்கக்கண்ணாடியாரோ நாள் பார்க்காமல் நகம் வெட்டாத சைவர். என்னால் முடிந்த அழகான இங்கிலீசில் பதில் எழுதினேன்: தங்கள் பெருந்தன்மையை மறவேன்; ஆடி கழிந்து, ஆவணியில் முதல் சுபதினத்தில் வந்து கையெழுத்திடுகிறேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அந்தச் சுபதினம், கொழும்புப் பதிவுக்குப் பத்திரம் தபாலில் போகக்கூடிய கடைசி நாள். அவரால் மறுக்க முடியாது. சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. நான் வரும்வரைக்கும் அந்த இடத்தை வேறு ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். பிறகு நான் போகமாட்டேன்.

அந்த மாதம் போலச் சந்தோஷமான மாதம் என் வாழ்க்கையில் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் என் கலியாண மாதம்கூட அப்படி இருக்கவில்லை.

நடு ஆடியில் திருநெல்வேலிச் சந்தையில் ஞானத்தைக் கண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

“மச்சான், உண்மையைச் சொல்லு. நீ அங்கை போறியோ?”

“எங்கை?”

“தெரியாதமாதிரிக் கேளாதை. நீ வராட்டில்தான் எனக்காம். நான் கிழமைக்குக் கிழமை போய் அந்த வாங்கைத் தேய்க்கிறன். வேறை ஒருத்தரும் என்னை எடுக்கேல்லை.”

“ஆவணி பிறக்கட்டும். போறன்.”

“போகேல்லையெண்டால் இப்பவே சொல்லடாப்பா. எனக்கு ஆடியுமில்லை ஆவணியுமில்லை, இண்டைக்கே கையெழுத்து வைப்பன். அம்மா இன்னொரு வருசம் தாங்கமாட்டா.”

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அவன் அன்றைக்கே ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவான், தங்கக்கண்ணாடியார் காத்திருக்கமாட்டார், ஒரு மாதமாக நான் கட்டிய கட்டு அவிழ்ந்துவிடும். மாட்டடிக்குக் குலை சுமந்த அப்புவின் முதுகு கண்ணுக்குள் வந்தது. அதை நானே கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன் என்பதுதான் உண்மை.

“போறன் எண்டு சொல்லுறனெல்லே” என்றேன்.

“சரி, சரி, கோவியாதை. உனக்குத்தான் அது கிடைக்கோணும். அப்புவை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லு.”

அந்த ஆவணி நாளில், வரவில்லை என்று சொல்லி ஒரு குலை அனுப்பப் போகிறேன் என்று அப்புவிடம் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. “இல்லையெண்டு சொல்லுறதையும் வெறுங்கையோடை சொல்லக் கூடாதுதான்” என்று தோட்டம் முழுக்கத் தேடித் திறமான குலையை வெட்டி, தாமே புகை போட்டுத் தந்தார். நான் அதனோடு வைத்த கடிதத்தை அவரால் வாசிக்க முடியாது. ‘துலா மிதித்த கால்களுக்குத் தங்கள் வாசற்படி ஒவ்வாது. வேறிடம் சேர்ந்துவிட்டேன். குலை மாட்டுக்கு. தங்கள் மிகவும் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.’ தபால் கொண்டுபோகிற கொழும்பு மெயில் ரயில் புறப்பட்ட பிறகுதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று வண்டிக்காரனுக்கு இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன்.

என்ன நடந்தது என்பது நான் பிரக்கிராசியாராகிக் கோட்டடியில் நடமாடத் தொடங்கிய பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. அந்தக் கிளாக்கர் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதை பேசினார்.

“ஐயா கடிதத்தை வாசிச்சிட்டு, பொடியன்ரை இங்கிலீசு திறம் எண்டார். ரெண்டு பழம் உரிச்சுத் தின்னிட்டு, நல்ல குலை எண்டும் சொன்னவர். அவ்வளவுதான்.”

“கோவிக்கேல்லையோ?”

“உதுக்கெல்லாம் அவர் கோவிக்கிறதோ? பாவம், அந்த உடுவில் பொடியன். நீர் வராட்டிலும் எண்டு காலமை தொடக்கம் வாங்கிலை இருந்தவன். மத்தியானமும் சாப்பிடேல்லை. மெயில் வெளிக்கிட்டாப்பிறகு உம்மடை வண்டி வந்தது. குலையை இறக்கினதும் அவன்தான்.”

அவனுக்குத் தெரியும். அன்றே தெரியும். என்னை ஒருநாளும் வந்து கேட்கவில்லை. அடுத்த தையில் மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டான், ஏதோ தோட்டத்தில் கிளாக்கர் வேலைக்கு. பிறகு உலக யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. யுத்தம் முடிந்ததும் அவன் தாய் குடையை ஊன்றிக்கொண்டு என் கந்தோருக்கு வந்தா. மகனைப் பற்றி விசாரித்து மலாயா அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டுமாம்.

“உம்மட்டைத்தான் வரவேணும் எண்டு வந்தனான். நீர் அவன்ரை சிநேகிதனெல்லே. உம்மைப்பற்றி ஒரு குறை சொன்னதில்லை, தம்பி.”

எழுதிக் கொடுத்தேன், என்னால் முடிந்த அழகான இங்கிலீசில். மூன்று தரம் எழுதினோம். மூன்று தரமும் விவரம் இல்லை என்றுதான் பதில் வந்தது. சொல்ல வேண்டியதை அந்த மனிசிக்கும் நான் சொல்லவில்லை. கடைசிப் பதிலை வாசித்துக் காட்டியபோது, “உமக்கு எவ்வளவு கரைச்சல் குடுத்திட்டன்” என்றுவிட்டு எழுந்து போனா.

தங்கக்கண்ணாடியார் என்னைத் தம் சமானமாக நடத்தி, கோட்டில் பக்கத்துக் கதிரையைக் காட்டி, என் கலியாணத்துக்கும் வந்து சாப்பிட்டுவிட்டு, வயது முதிர்ந்து செத்துப்போனார். அவருடைய கந்தோர் இருந்த வீட்டை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். பிரக்கிராசியார் என்ற சொல்லே போய்விட்டது. அந்த வாங்கு யாருடைய அடுப்பில் எரிந்ததோ தெரியாது. அப்புவும் இல்லை, அந்த இதரைத் தோட்டமும் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஞானம் வந்த சந்தை மூலையில் இப்போது பஸ் நிற்கிறது. மருந்துக்குப் போகும் நாட்களில் அதில் இறங்கும்போது, “நான் போகேல்லை, நீ போ” என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, சொல்லி முடிக்க.