பட்டியலில் இல்லாத பூசணிக்காய்

பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பெண் என்று கரையான்சாவடிச் சபையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. என் அப்பா அந்தச் சிறிய சபையின் உபதேசியார். ஒப்பிப்பதற்கும் அதன்படி நடப்பதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்க வேண்டுமென்று எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு விவசாயக் குடும்பம். அந்த வீட்டம்மாளை நாங்கள் பெரீம்மா என்று கூப்பிடுவோம். அவர் வேலியோரம் போட்ட பூசணிக்கொடி எங்கள் கூரைமேல் ஏறி, அங்கே ஒரே ஒரு காயை வளர்த்துக்கொண்டிருந்தது. கண் படாமலிருக்க அதன்மேல் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்திருந்தார். வேதம் அறியாதவர்கள் மனத்திலும் கடவுள் தம் சட்டத்தை எழுதித்தான் வைத்திருக்கிறார், மனச்சாட்சி அதை வாசிக்கும் என்று அப்பா பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார். பெரீம்மாவுக்கோ எழுதப் படிக்கவே தெரியாது. அவர் எப்படி வாசிப்பார் என்பது என் சந்தேகம்.

வெள்ளைக்காரன் காலம்; யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து காணிக்கையாக வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எங்கள் கொல்லையில் முருங்கைக்காயை விட்டால் வேறொன்றும் இல்லை. என்னோடு படிக்கிறவன் சேவல் கொண்டுவரப் போகிறானாம். கட்டளை ஒப்பிக்கிற நான் முருங்கைக்காயோடு போய் நிற்பதா?

பிறர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்ற கடைசிக் கட்டளையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆசைப்படக் கூடாதவற்றின் பட்டியலில் வீடு இருந்தது, மாடு இருந்தது, கழுதைகூட இருந்தது. பூசணிக்காய் இல்லை. தவிர, அது உட்கார்ந்திருப்பது எங்கள் கூரை. இரண்டு நியாயம் கிடைத்த பிறகு ஏணி வைத்து ஏறுவதற்கு என்ன தடை? சபைக் கோவிலைப் பெருக்க அம்மா போயிருந்த நேரத்தில் காயை இறக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். சுண்ணாம்பு போய்விட்டது. அது இருந்த இடம் மட்டும் வெளுத்து வட்டமாக நின்றது.

"ஏது இது?" என்றார் திரும்பி வந்த அம்மா.

"பெரீம்மா குடுத்தாங்க."

அம்மா அதோடு விட்டிருக்கலாம், அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் விட்டிருக்கலாம், காரணம் சொல்லாமல் பெரீம்மாவைப் பண்டிகைக்கு அழைத்துவிட்டு வந்தார். எல்லார் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டுமாம்.

மறுநாள் ஏலத்தில் அப்பா அந்தக் காயைத் தூக்கிப் பிடித்தார். வாசலோரம் நின்றிருந்த பெரீம்மாவைக் காட்டி, நம் சபையைச் சேராத இந்த அம்மாள் மனசார அனுப்பிய காணிக்கை என்றார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெரீம்மா அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் என் மானம் போவது இருக்கட்டும், அப்பா இனி எந்த முகத்தோடு அங்கே நின்று பிரசங்கம் செய்வார்?

"ஆமா உபதேசியாரே, நான்தான் குட்த்தேன்" என்றார் பெரீம்மா. "கொயந்தை கையால சாமிக்குப் போவட்டுமேன்னு."

கிளம்பும்போது என்னருகே வந்து குனிந்தார். "கேட்டிருந்தா குட்க்க மாட்டேனா, கயிதே?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

தன் மருமகள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றதற்காகப் பொன்னியம்மனுக்கு அவர் நேர்ந்து வைத்திருந்த காய் அது. எத்தனையோ வருஷம் கழித்து அந்த மருமகளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்வது பாவம் என்று நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் பெரீம்மா சொன்ன அந்தப் பொய்க்காக ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லாத அறுப்பின் பண்டிகை ஒன்றுகூடக் கிடையாது.

அப்போது இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? இரண்டு நாள் கழித்து, ஒரு சாயங்காலம், பெரீம்மா தலையில் ஒரு பெரிய பூசணிக்காயோடு தெருவில் வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை புழுதி. தாய்வீடு இருக்கும் வெள்ளானூர் வரை நடந்தே போய்விட்டு வருகிறாராம். காயை வீட்டுக்குள் இறக்கி வைத்து, சுண்ணாம்பு தொட்டு ஒரு பொட்டு வைத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவருக்குத்தான் வேறு காய் கிடைத்துவிட்டதே என்று, அன்றைக்கு என் மனச்சாட்சி நிம்மதியாகத் தூங்கியது.