இரும்புத் தகடுகள் தொங்கிய அறை

பெங்களூர்க் கல்லூரி விடுதியில் மகளை விட்டுவிட்டு, ரயிலுக்கு நேரம் இருந்ததால் நானும் மனைவியும் ஒரு நவீனக் கலைக்கூடத்துக்குள் போனோம். பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் எங்களுக்கு அங்கே ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு படம் முழுக்கச் சாம்பல் நிறம். இன்னொன்றில் ஒரே ஒரு கோடு. நான் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டே நடந்தேன்.

கடைசி அறையில் ஆள் உயர இரும்புத் தகடுகள் கூரையிலிருந்து தொங்கின. பக்கத்தில் ஒரு ரப்பர் சுத்தியல் இருந்தது. வந்தவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

“ஏனுங்க, இத அடிச்சுப் பாக்கலாமுங்களா?” என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

“சும்மா இரு. வெளிய போகச் சொல்லீருவாங்க.”

அவள் நேராகக் காவலாளியிடம் போய் அதையே கேட்டாள். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. “அடிக்கத்தாம்மா வச்சிருக்கு. காலைலருந்து ஒருத்தரும் கேக்கல” என்றார்.

அவள் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தாள். அறை முழுக்க முழங்கிய ஓசை என் நெஞ்சுக்குள்ளும் அதிர்ந்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஒரு வெள்ளைக்காரர் வந்து சுத்தியலுக்குக் கை நீட்டினார். சற்று நேரத்தில் அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. மனைவியும் சிரித்துக்கொண்டே அதன் கடைசியில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன்.

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டாள்.

“மியூசியத்தையே அதிர வெச்சுட்டு வாரேன் கண்ணு” என்றாள்.